கை பிடிச்சாத்தான் குற்றமாம்

பேய்ப்படம் எண்டா எங்கட சனத்துக்கு ஒரே கணக்குத்தான். பேய் வெளியில இருந்து வரும். யாரோ ஒரு பெட்டையில ஏறும். பிறகு சாமியார் வந்து இறக்குவார், வீடு பழையபடி நல்ல வீடாகிவிடும். அந்த நல்ல வீட்டை மட்டும் ஒருத்தரும் கேள்வி கேட்பதில்லை.

கேட்கிற படம் ஒன்று இருக்கிறது. பாஸ்கர் ஹசாரிகா இயக்கிய 'ஆமிஸ்', 2019இல் வந்த அசாமியப் படம். பெயருக்கு அர்த்தம் இறைச்சி. ட்ரைபெக்கா திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட படம்தான், ஆனாலும் எங்கட பக்கத்தில் அதைப் பற்றிக் கதைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். பெரிய நட்சத்திரம் இல்லை, கிராபிக்ஸ் இல்லை. ஒரு மனுசி அரக்கியாகிறாள், ஆனால் பல் நீளவில்லை, நகம் வளரவில்லை. நல்ல சேலை உடுத்தபடியே ஆகிறாள்.

(முழுக்கதையையும் சொல்லப்போகிறோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாங்கோ.)

குவாஹாட்டியில் நிர்மாலி குழந்தை வைத்தியர். ஒரு மகன். கணவனும் வைத்தியர், ஊருக்குச் சேவை செய்யப் போய் வீட்டில் நிற்காதவர். சுமன் வடகிழக்கு மக்களின் இறைச்சி உணவுப் பழக்கங்களை ஆராயும் மாணவன். அவன் சமைத்துக் கொண்டுவருவதை அவள் சாப்பிடுகிறாள், முயலில் தொடங்கி ஊரில் ஒருத்தரும் தொடாதவை வரைக்கும். இரண்டு பேருக்கும் விருப்பம் இருப்பது எங்களுக்கு விளங்குது, அவர்களுக்கும் விளங்குது. ஆனால் விரல்கூடப் படவில்லை. நிர்மாலியின் சிநேகிதி ஒருத்தி கணவனுக்குத் தெரியாமல் இன்னொருவரோடு பழகுகிறாள். நிர்மாலிக்கு அது பிடிக்கவில்லை. தான் அப்படியானவள் இல்லை எண்டு அவளுக்கு இருக்கவேணும். தொட முடியாதவன் கடைசியில் தன் தொடைச் சதையை வெட்டுவித்துச் சமைத்து அவளுக்கு ஊட்டுகிறான். அவளுக்கு அந்த ருசி பிடித்துவிடுகிறது. பிறகு வேறெதுவும் இறங்குதில்லை.

நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டில் இருந்து இதைப் பார்த்தோம். முடிந்ததும் சிலர் "சீ, அருவருப்பு" எண்டார்கள். அது நியாயம், எங்களுக்கும் வயிற்றைப் பிரட்டியது. ஒரு அண்ணை சொன்னதுதான் கோபத்தைக் கிளப்பினது: "கட்டினவள் இன்னொருத்தனோட திரிஞ்சா இப்பிடித்தான் முடியும். நல்ல படிப்பினை."

அண்ணை, படத்தைத் தலைகீழாகப் பார்த்திருக்கிறீர்கள். அவர்கள் எல்லை தாண்டியதால் வந்த கேடு இல்லை இது. அந்த எல்லையைக் கடைசி மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினார்கள், அதால் வந்தது. கையைப் பிடித்தால் நடத்தை கெட்டவள், சாப்பாடு வாங்கித் தின்றால் குற்றமில்லை. அந்தச் சட்டத்தில் இருந்த ஒரே ஓட்டைக்குள்ளால் ஆசை போனது. போன இடம் சதை.

இந்தச் சட்டம் குவாஹாட்டியில் மட்டுமா இருக்கிறது? எது தின்னலாம், எண்டைக்குத் தின்னலாம், யாரோட கதைக்கலாம் எண்டு ஒரே வாயால் சொல்லி வளர்க்கிற ஊர்தானே எங்களது. வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. நல்லூர்க் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் எத்தனையோ வீட்டில் சட்டி மாறும். விரதம் பிடிக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, எங்களில் பாதிப் பேரும் பிடிக்கிறோம். ஆனால் மாட்டிறைச்சி எண்டால் குசினிக்குள் விடாமல் வளவுக்குள் கல்லடுப்பு மூட்டுகிற வீடுகளில், தின்கிற வாய் அதேதான், சுத்தம் மட்டும் அடுப்போடு நின்றுவிடுகிறது. அதைத் தின்கிறவர்கள் எண்டே சில ஆக்களைச் சாதி சொல்லி வாசலுக்கு வெளியில் நிறுத்தியதும் இதே வீடுகள்தான். பண்ணைக் கடற்கரையில் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தால், கைபேசியில் படம் எடுத்து முகநூலில் போட்டுக் கலாசாரம் காப்பாற்றுகிறார்கள். கண்டியளோ, அந்தப் பெட்டையின் முகம்தான் தெரியும், எடுத்தவனின் முகம் ஒருநாளும் வராது.

படத்தின் கடைசிக் காட்சியும் கமராக்கள்தான். பொலிஸ் இருவரையும் முகம் மூடி ஊடகங்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. அப்போதுதான் முதன்முறையாக ஒருவர் கையை மற்றவர் பிடிக்கிறார். எங்களோட இருந்த ஒருத்தி மெதுவாகக் கேட்டாள், "இவ்வளவுக்குத்தானோ?"

அதுக்காக இருவரையும் பாவம் எண்டு விட்டுவிடவும் நாங்கள் தயாரில்லை. தன் உடம்பில் வெட்ட முடியாமல் போனதும் சுமன் கொன்றது ஒரு ரிக்‌ஷாக்காரனை. வைத்தியரை இல்லை, பேராசிரியரை இல்லை. இரண்டு படித்த மனுசரின் மரியாதை குலையாமல் இருக்க, விலையைக் கொடுத்தது வாடகைக்கு மிதிக்கிற ஒருத்தன். அவனுக்கு ஒரு வீடு இருந்ததா, யாரும் தேடினார்களா எண்டு படம் நின்று பார்க்கவில்லை. எங்களுக்கு இந்தப் படத்தோடு இருக்கிற பெரிய சண்டை அதுதான். காதலர்களின் கைக்குக் கொடுத்த நேரத்தில் கொஞ்சத்தையாவது அவனுக்குக் கொடுத்திருக்கலாம்.

திரும்ப ஒருக்கா போடப்போகிறோம். சாப்பிட்டுவிட்டு வராதேங்கோ. படிப்பினை சொன்ன அண்ணையும் கட்டாயம் வரவேணும், கதிரை பிடித்து வைப்போம்.