கியரை மாற்றுமுன் ஒரு கேள்வி

பழைய கார் வைத்திருப்பவனுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இருப்பதில்லை. அண்மைக்காலத்தில் எனக்கு அதிகம் கிடைத்த ஆலோசனை, "ஓட்டோ கியரைக் கழற்றிவிட்டு மனுவல் கியரைப் போடுங்கள்" என்பதாகும்.

எனது கார் 1997 இல் ஜப்பானில் தயாரானது. நான்கு வேகத் தன்னியக்க கியர் கொண்டது. கடந்த ஆண்டு கடுகண்ணாவ ஏற்றத்தில் என்ஜின் இரைந்ததே தவிர, வண்டி அதற்கேற்ப ஏறவில்லை. கியர்ப்பெட்டி எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாமல் விட்டது என் தவறு. கறுத்துப்போன எண்ணெயைக் காட்டிய கராஜ்காரர், "ஐயா, இதைத் திருத்துற காசிலை மனுவலுக்கு மாத்திவிடலாம்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னரும் வரிச்சுமையைத் தாங்கிப் புதிய வண்டி வாங்கும் வசதி என் போன்றோருக்கு இல்லை. இருப்பதைக் காப்பாற்றியே ஆகவேண்டும். பழைய தன்னியக்க கியரில் என்ஜினின் விசை எண்ணெயின் ஊடாகவே சக்கரங்களுக்குச் செல்வதால் ஒரு பகுதி வீணாகிறது. கிளட்ச் அந்த விசையை நேரடியாகக் கடத்துகிறது. 2022 இல் கியூ.ஆர். அட்டையைக் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோலுக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமை தெரியும். பற்றரி செத்துப்போனாலும் மனுவல் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். கிராமத்துக் கராஜிலும் அதைத் திருத்துவார்கள்.

ஆனால், இது கியர்ப்பெட்டியை மாத்திரம் மாற்றும் வேலையன்று. என்ஜினின் பின்புறம் உள்ள மெல்லிய தட்டைக் கழற்றி, பாரமான பிளைவீலைப் பொருத்தவேண்டும். கிளட்ச் தட்டு, அதை இயக்கும் சிலிண்டர்கள், கியர்க் கேபிள்கள் யாவும் வேண்டும். அகன்ற பிரேக் மிதியை அகற்றி, கிளட்ச் மிதியுடன் கூடிய தொகுதியை அமைக்கவேண்டும். சில வண்டிகளில் கியர்ப்பெட்டியைத் தாங்கும் மவுண்டுகளும் சக்கரங்களுக்குச் செல்லும் அச்சுகளும் வேறுபடும். அதே மாதிரியான மனுவல் வண்டியின் 'ஹாஃப் கட்' பஞ்சிகாவத்தையில் முழுதாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். உதிரியாகத் தேடத் தொடங்கினால் செலவுக்கு எல்லையில்லை.

வயரிங் வேலை இன்னும் முக்கியமானது. தன்னியக்க வண்டி 'பி' அல்லது 'என்' நிலையில் மட்டுமே ஸ்டார்ட் ஆகும்படி ஒரு சுவிட்ச் தடுக்கிறது. மாற்றும்போது அதனை வெறுமனே இணைத்துவிட்டால், கியரில் நிற்கும் வண்டி சாவியைத் திருப்பியதும் முன்னே பாயும். கிளட்ச்சை மிதித்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகும் வகையில் புதிய சுவிட்ச் பொருத்துமாறு கேளுங்கள். பின்னோக்கிச் செல்லும்போது எரியும் விளக்கையும் மறந்துவிடாதீர்கள்.

இவற்றையெல்லாம் விசாரித்தறிந்து, முற்பணமும் எடுத்துவைத்துவிட்டேன். அன்றிரவு என் மனைவி ஒரேயொரு கேள்வி கேட்டார்:

"அப்ப நான் எதை ஓடுறது?"

எனக்குப் பதில் வரவில்லை. இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் சில மாதங்கள் நான் கார் ஓட்டக்கூடாது என்று மருத்துவர் கூறியபோது, ஐம்பத்தெட்டு வயதில் ஓடப் பழகியவர் அவர். பழகியது இந்தக் காரில்தான். வலது முழங்கால் நோவையும் பொறுத்துக்கொண்டு என்னை கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றதும் இதே காரில்தான். கராஜ்காரரும் நண்பர்களும் நானும் எரிபொருள், உதிரிப்பாகம், விலை என்று எல்லாவற்றையும் கணக்கிட்டோம். வண்டியை ஓட்டும் இன்னொருவரைக் கணக்கில் சேர்க்கவேயில்லை. குடும்பத்தின் பொதுச்சொத்தைப் பற்றி ஆண்கள் கூடிப் பேசினால் முடிவு இப்படித்தான் அமையும் போலும்.

முற்பணம் வேறு வழியில் செலவாயிற்று. பாவித்த தன்னியக்க கியர்ப்பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். மனுவலுக்கு மாற்றுவதைவிடச் செலவு கூடியதுதான். இப்போது எண்ணெய் மாற்றும் திகதியை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

மாற்றுவது தவறென்று நான் கூறவில்லை. வண்டியைத் தனியாளாக ஓட்டுபவர், தன்னியக்க கியரைத் திருத்தத் தெரிந்தவர் இல்லாத ஊரில் வாழ்பவர், முழுத் தொகுதியும் கைக்குக் கிடைத்தவர் தாராளமாக மாற்றலாம். மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் விசாரித்து, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. ஆனால், கராஜுக்குப் போகுமுன் வீட்டில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சாவியை எடுக்கும் கை உங்களுடையது மட்டுந்தானா?