கம்பெனி வெட்டிக் கொடுத்த கிணறு



"பெரிய கம்பெனி செஞ்சது, ஓப்பன் சோர்ஸ் வேற, காசும் கிடையாது. அப்புறம் என்ன பயம்?" என்று கம்ப்யூட்டர் படிக்கும் அண்ணன்கள் சொல்வார்கள். எனக்கு இதில் பாதிதான் சம்மதம்.

ஆப் இன்வென்டர் என்று ஒன்று இருக்கிறது. கட்டங்களை இழுத்து இழுத்துப் பொருத்தினால் போதும், போனுக்கு ஒரு ஆப் ரெடி. பக்கம் பக்கமாக டைப் அடிக்க வேண்டாம். நம்மை மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். 2010-இல் இதை வெளியிட்டது கூகுள். கூகுளே செய்தது, இனி கவலை இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அடுத்த வருஷமே நிறுத்தப்போவதாகச் சொல்லி, அவரவர் புராஜெக்டை இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. 2011 டிசம்பரோடு சரி. அதை நம்பிப் பாடம் நடத்திய டீச்சர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

நல்லவேளை, அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்து கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் அதை எடுத்து 2012 மார்ச்சில் மறுபடி நடத்த ஆரம்பித்தது. இன்றைக்கும் ஓடுகிறது. பார்த்தீர்களா, ஓப்பன் சோர்ஸ் காப்பாற்றிவிட்டது என்பார்கள். அது மட்டுமா காப்பாற்றியது? எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஹால் ஏபல்சன் இருந்தார். கூகுளில் இதை உருவாக்கியபோதே கூட இருந்து செய்தவர். ஆரம்பிக்கக் கூகுளும் பணம் கொடுத்தது. ஆளும் பணமும் இல்லாவிட்டால் திறந்த மூலநிரலை வைத்து என்ன செய்ய? கிணற்றை ஊருக்கே எழுதிக் கொடுத்தாச்சு, சரி. தூர் வார ஆள் வேணுமே!

ஆட்டம் என்ற எடிட்டருக்கும் இதே கதை. அதை வெளியிட்ட கிட்ஹப்பை 2018-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. மைக்ரோசாஃப்டிடம் ஏற்கெனவே வி.எஸ். கோட் என்று சொந்த எடிட்டர் இருந்தது. ஒரே வீட்டில் ரெண்டு எடிட்டர் எதுக்கு? 2022 டிசம்பரில் ஆட்டத்தை மூடிவிட்டார்கள். அதைப் பயன்படுத்தியவர்களில் சிலர் மூலநிரலை எடுத்து பல்சர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். இவர்களுக்கு என் சல்யூட்.

அதற்காகக் கம்பெனி கொடுப்பதைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நமக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் ஒரு டூலைக் கற்றுக்கொள்ளும் முன் கம்பெனி எவ்வளவு பெரிசு என்று பார்ப்பதைவிட, அந்தக் கம்பெனி போனால் இதைப் பார்த்துக்கொள்ள வெளியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பைத்தானுக்குப் பல கம்பெனிகள் பணம் தருகின்றன. ஆனாலும் அது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, தனியாக ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. அதனால் என் ஓட்டு பைத்தானுக்குத்தான்.

கம்ப்யூட்டர் சாருக்கு ஒரு வேண்டுகோள். நாங்கள் செய்யும் ஆப்கள் எல்லாம் இணையத்தில் யாரோ ஒருவர் கணக்கில்தான் கிடக்கின்றன. மாதம் ஒரு தடவை அவற்றை ஏ.ஐ.ஏ. ஃபைலாக இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு பீரோவில் வைக்கலாமா சார்? சனிக்கிழமை வந்து நானே செய்து தருகிறேன்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு