புளியங்கொட்டையும் பைத்தானும்

கம்ப்யூட்டர் படித்தவனில்லை நான். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, தாமிரபரணிக் கரை ஊர்களில் சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல், வகுத்தல் நடத்தி ரிட்டயர் ஆனவன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பேத்தி பிளஸ் டூ. லீவுக்குச் சேரன்மகாதேவி வந்திருந்தாள். 1 முதல் 5 வரை கூட்டும் பைத்தான் புரோகிராமைக் கடகடவென்று எழுதிக் காட்டினாள். ‘ஐ’ என்ற எண் 5-க்குச் சிறியதாகவோ சமமாகவோ இருக்கும்வரை சுற்ற வேண்டும் என்று அதில் ஒரு வரி.

"அந்தச் சமக்குறியை எடுத்துட்டா என்ன விடைட்டி வரும்?"

"புக்குல அப்படி இல்லையே தாத்தா."

பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அவள் ரெக்கார்டு நோட்டில் புரோகிராமோடு விடையும் பார்த்து எழுதியதுதான். கம்ப்யூட்டரை ஆன் பண்ணும் முன்பே விடை தயார்!

பல்லாங்குழிப் புளியங்கொட்டையை எடுத்து 1, 2, 3, 4, 5 என்று ஐந்து குவியல் வைத்தேன். சுற்றுக்கு ஒரு குவியலை டப்பாவில் போட வேண்டும். போடும் முன் ஐ எவ்வளவு, டப்பாவில் எவ்வளவு என்று எழுத வேண்டும். ஐ 3, டப்பாவில் 3. ஐ 4, டப்பாவில் 6. அங்கேயே நிறுத்திவிட்டாள். "எப்பவுமே ஐ-க்கு முந்தின குவியல் வரைக்கும்தான் உள்ள இருக்கு தாத்தா. சமக்குறி இல்லன்னா அஞ்சாம் குவியல் வெளியவே நின்னுரும். பத்துதான் வரும்."

சுற்று எத்தனை ஓடினாலும் மாறாத இந்த உண்மையைத்தான் ‘மாற்றமிலி’ என்கிறார்கள். 2018-இல் வந்த புதிய பிளஸ் ஒன் புத்தகத்திலேயே இது இருக்கிறது. ஆடு, புல்லுக்கட்டு, ஓநாயை ஆற்றைக் கடத்தும் நம் பழைய கணக்கும் இருக்கிறது. நல்ல பாடம், மனப்பாடத்தில் போய்விடுகிறது. பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான். ஒரே வருஷத்தில் பாஷை மாறிவிடுகிறது. மாற்றமிலி எந்தப் பாஷைக்கும் அதேதான்.

எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். அந்த 20-இல் ஐந்தையாவது, தெரிந்த புரோகிராமில் ஒரு வரியை மாற்றிக் கொடுத்து, ஓட்டிப் பார்க்கும் முன்பே விடை சொல்லச் சொல்வதற்கு ஒதுக்கலாம். இப்போது வேலையில் இருக்கும் தம்பி தங்கைகள் வகுப்பிலாவது இதைச் செய்து பாருங்கள்.

மறுநாள் காபி குடிக்கையில் பேத்தி என்னை மடக்கினாள். "சமக்குறி இருக்கட்டும். ஐ-யைக் கூட்டுற வரியை மேல தூக்கிட்டா?" 14 என்றேன். சிரித்துக்கொண்டே டப்பாவை எடுத்து வந்தாள். 20. ஆறாம் குவியல் ஒன்று வேண்டியிருந்தது. அதற்குக் கொட்டை பத்தாமல் அடுப்படியில் தேடிக்கொண்டிருந்தோம்.