கட்டற்ற பொதியும் கூட்டுப் பொறுப்பும்

விலையின்றிக் கிடைக்கும் ஒன்றைப் பேணும் கடமை யாருக்கு உரியது? கணினியுலகம் இன்று எதிர்கொள்ளும் முதன்மையான கேள்விகளுள் இதுவும் ஒன்று. கட்டற்ற மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், படித்தறியலாம், மாற்றலாம், பகிரலாம். அந்த உரிமையைத் துய்ப்போர் அதன் பராமரிப்பிலும் பங்கேற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கிடங்கும் களஞ்சியமும்

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் ஓசூர், தொழில் நகரமாக வளர்ந்து வருகிறது. சரக்குந்தும் இருசக்கர வண்டியும் கைக்கடிகாரமும் அங்கு உருப்பெறுகின்றன. ஒரு வண்டியின் உதிரிபாகங்கள் அனைத்தும் ஒரே ஆலையில் பிறப்பதில்லை. பல பட்டறைகளில் கடைந்தும் வார்த்தும் எடுக்கப்பட்ட பாகங்கள் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. எந்தப் போல்ட்டுக்கு எந்த நட்டு பொருந்தும், மாற்றியமைக்கப்பட்ட பாகம் எந்த வண்டிக்கு உரியது என்பவற்றை ஆலையின் கிடங்குப் பொறுப்பாளர் அறிந்திருக்க வேண்டும். அவர் கணக்குப் பிசகினால் உற்பத்தி நின்றுவிடும்.

கணினிக்குள் அந்தக் கிடங்குப் பொறுப்பாளரின் வேலையைச் செய்வது ‘பொதி மேலாளர்’ என்னும் மென்பொருள். ஒரு மென்பொருளின் கோப்புகளோடு அதன் பெயர், பதிப்பு எண், அது இயங்கத் தேவையான பிற மென்பொருள்களின் பட்டியல் ஆகியவற்றையும் சேர்த்துக் கட்டியதே பொதி. பயனர் ஒரு பொதியைக் கேட்டவுடன், அது சார்ந்திருக்கும் மற்றப் பொதிகளையும் பொதி மேலாளர் கணக்கிடுகிறது. களஞ்சியத்திலிருந்து அவற்றைத் தருவிக்கிறது. மின் கையொப்பத்தைச் சரிபார்த்து, உரிய வரிசையில் நிறுவுகிறது.

இந்தச் சார்புச் சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பதை 2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் காட்டியது. என்.பி.எம். என்னும் களஞ்சியத்தில் இருந்த ‘லெஃப்ட்பேட்’ என்ற பொதியை, அதை எழுதியவர் விலக்கிக்கொண்டார். அது 11 வரிகளே கொண்ட சிறு நிரல். எனினும் அதைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்களின் உருவாக்கம் உலகெங்கும் சில மணிநேரம் தடைப்பட்டது. அச்சு சிறிதாயினும் அது முறிந்தால் தேர் ஓடாது அன்றோ?

மாணவர் ஒருவரின் அழைப்பு

1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவரான இயன் மர்டாக் ‘டெபியன்’ என்னும் திட்டத்தை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 20. லினக்ஸ் கருவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் ஒன்றைத் தன்னார்வலர்கள் திறந்த முறையில் கூடி உருவாக்க வேண்டும் என்பது அவரது நோக்கம். மறு ஆண்டே ‘டிபிகேஜி’ என்னும் பொதிக் கருவி உருவாகத் தொடங்கியது. சார்புகளைத் தானே கணக்கிட்டுத் தருவிக்கும் ‘ஏப்ட்’ என்னும் கருவி, 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1 பதிப்பில் இடம்பெற்றது.

கருவியைப் படைத்ததைவிட அதைப் பேணுவதற்கு அவர்கள் வகுத்த முறையே பெருஞ்செயல். ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பேற்கும் பேணுநர் ஒருவரோ ஒரு குழுவோ உண்டு. குறைகளை மறைக்க மாட்டோம் என்று 1997ஆம் ஆண்டின் சமூக ஒப்பந்தத்தில் டெபியன் உறுதியளித்தது. அதன் தலைவரை உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். புதிய பொதி முதலில் சோதனைக் களத்தில் நுழையும். அங்கு குறைகள் களையப்பட்ட பின்னரே படிப்படியாக நிலையான பதிப்பை அடையும். 2023 ஜூனில் வெளியான 12ஆம் பதிப்பில் 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடு கேரளத்தின் கொச்சியில் கூடியது.

தமிழ்நாட்டுக்கும் இதில் உறவு உண்டு. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக அது மாணவர் பலரின் கைகளுக்குச் சென்றது.

ஆற்றின் மேற்புறம்

மென்பொருளை முதலில் எழுதுவோரை மேல்நீரோட்டத்தார் என்றும், அதைப் பொதியாக்கி வழங்குவோரைக் கீழ்நீரோட்டத்தார் என்றும் கணினியுலகம் அழைக்கிறது. ஓசூர் மக்களுக்கு இச்சொற்களின் பொருளை விளக்க வேண்டியதில்லை. கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. மேற்புறத்தில் கலக்கும் கழிவு அந்த அணையில் நுரையாகப் பொங்குவதைச் செய்தித்தாள்கள் பலமுறை படத்துடன் வெளியிட்டுள்ளன. கீழே இருப்பவர் எவ்வளவு தூய்மையாக வாழ்ந்தாலும், மேலே கலந்தது அவர் வயலுக்கு வந்தே தீரும்.

2024இல் மென்பொருள் ஆற்றிலும் அவ்வாறே நஞ்சு கலந்தது. ‘எக்ஸ்.இசட்.’ என்பது கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள். டெபியன் பொதிகளைச் சுருக்கிக் கட்டவும் அதுவே பயன்படுகிறது. இத்தனை இன்றியமையாத மென்பொருளின் பராமரிப்புச் சுமை பல்லாண்டுகளாகத் தன்னார்வலர் ஒருவரின் தோளிலேயே இருந்தது. பணி மெதுவாக நடக்கிறது என்று அறிமுகமற்ற சிலர் அவரை நெருக்கினர். அதே காலத்தில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் ஈராண்டுக்கு மேலாக உதவி செய்து நம்பிக்கை பெற்றார். பொதியை வெளியிடும் உரிமையையும் பெற்றார். பின்னர் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பிறர் கணினிக்குள் நுழைவதற்கான கள்ளவழியை மறைத்து வைத்தார்.

ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்டு என்னும் பொறியாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கண்டார். காரணத்தைத் துருவி ஆராய்ந்து, மார்ச் 29ஆம் நாள் உண்மையை உலகறியச் செய்தார். நஞ்சு கலந்த பதிப்புகள் அப்போது டெபியனின் சோதனைக் களங்களில் இருந்தன. நிலையான பதிப்பை எட்டவில்லை.

இந்நிகழ்வைக் காட்டி, அறிமுகமற்றவர்களை நம்பும் கூட்டுமுறையே ஆபத்தானது என வாதிடுவோர் உண்டு. அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மை இருக்கிறது. வாயில் திறந்திருந்ததால்தான் கள்வர் நுழைந்தார். ஆனால் காவலுக்கு ஒருவரே இருந்தார் என்பதும், அவரும் களைத்திருந்தார் என்பதும் அதைவிடப் பெரிய உண்மைகள். மூலநிரல் எவரும் பார்க்கும்படி திறந்திருந்ததனால்தான், அந்தத் திட்டத்தோடு தொடர்பில்லாத ஒருவரால் குற்றத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. ஆகவே வாயிலை அடைப்பதைவிடக் காவலரைப் பெருக்குவதே தக்க தீர்வாகும்.

குடிமராமத்து என்னும் பாடம்

ஏரிப்பாசனம் பெறுவோரே தூர்வாருவதும் கரையைப் பலப்படுத்துவதும் மதகைச் செப்பனிடுவதும் தமிழகத்தின் பழைய வழக்கம். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஊரார் பொறுப்பை விட்ட இடங்களில் ஏரிகள் தூர்ந்தன. பொதிக் களஞ்சியமும் ஓர் ஏரியே. அதில் நீர் மொள்ளுவோர் கோடிக்கணக்கானோர். கரையில் மண் போடுவோர் மிகச் சிலர்.

தன்னார்வலரை ஊதியமின்றி உழைக்கச் சொல்வது முறையா என்ற கேள்வி நியாயமானது. இப்பொதிகளால் பொருளீட்டும் நிறுவனங்கள் தம் பணியாளரின் வேலைநேரத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும்; பேணுநர்களுக்குப் பொருளுதவியும் செய்ய வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிகளின் தொழிலகங்களுக்கும் இது பொருந்தும். பாசனப் பரப்பு மிகுந்தவருக்கு மராமத்தில் பங்கும் மிகுதிதானே?

மாணவர்க்கும் இதில் இடம் உண்டு. பேணுநர் விலகிய பொதிகளை டெபியன் பட்டியலிட்டு, தத்தெடுக்க முன்வருவோரை அழைக்கிறது. புதியவரின் பொதியை மூத்த உறுப்பினர் ஒருவர் சரிபார்த்த பின்னரே களஞ்சியத்தில் சேர்ப்பார். குறையைக் கண்டால் தெளிவாக எழுதி அறிவிப்பதும், புதிய பதிப்பைச் சோதிப்பதும், மொழிபெயர்ப்பதும் தொடக்கப் பணிகள். டெபியனை நிறுவும் மென்பொருள் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளிலும் பேசுகிறது. அம்மூன்றும் ஓசூர்த் தெருக்களில் நாள்தோறும் ஒலிப்பவை. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அம்மொழிபெயர்ப்புகளையும் புதுப்பிக்க வேண்டும். மும்மொழிச் சூழலில் வளரும் எல்லைப்பகுதி இளைஞருக்கு இதைவிடப் பொருத்தமான பணி அரிது.

வழிகாட்டுவோரும் தொலைவில் இல்லை. தென்பெண்ணை பாயும் விழுப்புரம் மாவட்டத்தில் இயங்கும் குனு லினக்ஸ் பயனர் குழு, ஊரக மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பிக்கிறது. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் அந்த அறிவைத் தமிழில் தருகிறது. விழுப்புரத்தில் இயன்றது ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இயலும்.

ஆற்றின் கடைமடையில் இருப்பவர் மேற்புறத்தை நோக்கி முறையிட மட்டுமே முடியும். மென்பொருள் ஆற்றில் அந்தத் தடை இல்லை. கடைமடையில் இருப்பவரும் ஊற்றுக்கண் வரை சென்று அதைக் காக்கலாம். ஒரு பொதியேனும் நம் பொறுப்பில் நலமாக இருக்கிறது என்று சொல்லக்கூடிய இளைஞர் குழுக்கள் ஊர்தோறும் உருவாகும் நாளில், கட்டற்ற மென்பொருளின் விடுதலை காவலுள்ள விடுதலையாக நிலைபெறும்.