தாளில் உள்ள தேதியைப் பாருங்கள்!

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1970 முதல் சுற்றுச்சூழல் ஆய்வுச் சட்டம் உண்டு. ஆலையோ சாலையோ, அனுமதி தருமுன் காற்றுக்கும் தண்ணீருக்கும் என்ன கேடு என்று ஆராய வேண்டும். சில வேலைகளுக்கு விலக்குண்டு. 2025 ஜூனில் பண்ணைத் தொழிலாளர் வீடுகளுக்கான விலக்கை விரிவாக்கினார்கள். கூரைக்கு ஏங்கும் உழைப்பாளிக்கு நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால், அதே சட்டத்தில் நவீன ஆலைகளுக்கும் விலக்கு நுழைந்துவிட்டதே!

விலக்கு அறிவிப்பைப் பதிந்துவிட்டால் வழக்குப் போட 35 நாள்தான். பதியாவிட்டால் 180 நாள். சேதி சொல்லும் தாளே கதவையும் சாத்துகிறது! 'பிறகு பார்த்துக்கலாம்' என்றிருந்தால் 36ஆம் நாள் யாரிடம் முறையிடுவது? தோட்டத்து மக்களே, நம்ம ஆபீஸ் பலகையில் தாள் ஒட்டினாலும் தேதியைப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.