மின்மாற்றி முதலில், லாரி பிறகு

மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,



விடியற்காலையில் எங்கள் தெருமுனைக்குக் காம்பாக்டர் லாரி வரும். தொட்டியைத் தூக்கிக் கவிழ்ப்பதும் குப்பையை அழுத்துவதும் எஞ்சின் விசையால்தான் என்பதால், நின்ற இடத்திலும் உறுமிக்கொண்டே இருக்கும். அந்தப் புகைக்குள் நின்று வேலை பார்க்கிறார்கள் தூய்மைப் பணியாளர்கள் இருவர். அவர்களை நினைத்தே இம்மடலை எழுதுகிறேன்.

15 ஆண்டு நிறைந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. உள்ளாட்சி வண்டிகளும் இதில் அடக்கம். ஆகவே பழைய லாரிகளுக்கு மாற்று வாங்கியே தீர வேண்டும். அந்தக் கோப்பு தங்கள் மேசைக்குத்தான் வரும். இன்று டீசல் லாரிக்குக் கையெழுத்திட்டால் அது 2040 வரை நம் தெருக்களில் புகை கக்கும்.

குப்பை லாரி மின்சாரத்துக்கு மிகவும் பொருந்திய வண்டி. தினமும் ஒரே தடம், நாலு வீட்டுக்கு ஒரு நிறுத்தம், வேலை முடிந்தால் அதே பணிமனை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பும்.

ஆனாலும் வண்டியை முதலில் வாங்கிவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வார்டுக்கு வந்த பேட்டரி வண்டிகள், பேட்டரி போனதும் மாற்றுவாரின்றி மரத்தடியில் நின்றன. தள்ளுவண்டிகள் திரும்பி வந்தன. சென்னை வியாசர்பாடியில் 2025 ஜூன் 30 அன்று 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டபோது, சார்ஜ் ஏற்றும் வசதி பணிமனையிலேயே தயாராக இருந்தது. அந்த வரிசையே சரி.

எனவே, ஒவ்வொரு வண்டியும் நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று ஓட்டுநர்களின் பதிவேட்டிலிருந்து கணக்கெடுக்க உத்தரவிடுங்கள். பணிமனைகளுக்கு உயரழுத்த மின்இணைப்பும் மின்மாற்றியும் கேட்டு இப்போதே விண்ணப்பியுங்கள். பேட்டரி மாற்றும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்யுங்கள். டீசல் எஞ்சினோடு வாழ்நாளைக் கழித்த நம் மெக்கானிக்குகளைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். வெளியாட்களை நம்பி அவர்களை ஒதுக்கிவிடாதீர்கள்.

எல்லா வண்டியும் மின்சாரத்தில் ஓட வேண்டும் என்பதில்லை. இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவைக் கையாளும் திறன் கொண்டது. அதன் எரிவாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. தரம் பிரித்த குப்பை கிடைத்தால் நம் கனரக லாரிகளுக்கும் அந்த வழி உண்டு. வெள்ளநீர் இறைக்கும் வண்டிகளை மட்டும் கடைசிவரை டீசலிலேயே வைத்திருங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. சார்ஜ் ஏற்றும் கருவிகளையும் மேடை கட்டி உயரத்தில் வையுங்கள்.

அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்கு முன், எந்தப் பணிமனை எந்த ஆண்டில் மாறும் என்ற அட்டவணையை மாமன்றத்தில் வைத்து, மக்களுக்கும் வெளியிடுங்கள். புகையில்லாத லாரி எந்த மாதம் தம் கைக்கு வரும் என்பதை எங்கள் தெருமுனைப் பணியாளர்கள் இருவரும் அதில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நகரவாசி ஒருவர்