விலைச்சீட்டு மீன் பிடிப்பதில்லை

விலை கூடிய தூண்டில்தடியே நல்ல தூண்டில்தடி என்றொரு மூடநம்பிக்கை திருகோணமலையில் வேரூன்றி வருகின்றது. அன்புவழிபுரத்திலிருந்தும் உப்புவெளியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் மாலை வேளைகளில் றொட்டும் கையுமாகக் கடற்கரைக்குச் செல்லும் இளைஞர்களைக் காணும்போது மகிழ்ச்சியாகவே இருக்கின்றது. ஒரு காலத்தில் கடலுக்குச் செல்வதற்கே அனுமதி கேட்டு நின்ற மாவட்டம் இது. அந்தக் கடலோரத்தில் அச்சமின்றி நின்று தூண்டில் வீசும் ஒரு தலைமுறை உருவாகியிருப்பதை வரவேற்காமல் இருக்க முடியுமா? ஆனால் அவர்களது கைகளில் இருக்கும் தடிகளைப் பார்க்கும்போது அந்த மகிழ்ச்சி குறைந்துவிடுகின்றது. அவற்றுள் கணிசமானவை நமது கடலை ஒருபோதும் கண்டிராத ஒரு மீனுக்காகச் செய்யப்பட்டவை.

அந்த மீனின் பெயர் பாஸ். வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் மீன். கனடாவின் ஒன்ராறியோ மாகாண ஏரிகளில் அதற்குப் பஞ்சமில்லை. ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர், தாம் அங்கே பயன்படுத்தும் தடிகளுள் ஒன்றை அன்போடு கொண்டுவந்து மருமகனுக்குக் கொடுக்கின்றார். கொடுப்பவரின் அன்பில் குறையில்லை. ஆனால் அத்தடி எந்த மீனுக்கு, எந்த இரைக்கு, எந்த நீருக்கு என்று கொடுப்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. "அறுநூறு டொலர் தடி" என்ற ஒரே தகவல்தான் கைமாறுகின்றது. ரூபாவில் அது பெருந்தொகை. அவ்வளவு பெரிய தொகையைக் கேட்டபின் வேறு கேள்வி எழுமா?

பாஸ் மீனின் அளவைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1932ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்பவர் பிடித்த மீனே நீண்ட காலம் உலக சாதனையாக இருந்தது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிற்றா என்பவர் அதற்கு நிகரான ஒன்றைப் பிடித்தார். இரண்டுமே சுமார் 10 கிலோ. இது சாதனையின் உச்சம். அன்றாடம் அகப்படும் பாஸ் ஒன்று, இரண்டு கிலோவைத் தாண்டினாலே அதனோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நமது பாறை மீனின் பேரினத்துக்கோ, 2006இல் ஜப்பானில் பதிவான உலக சாதனை 72.8 கிலோ. இரண்டு மீன்களுக்கும் ஒரே தடி என்பது, துவிச்சக்கரவண்டியில் சீமெந்து மூடைகளை ஏற்றுவதற்கு ஒப்பானது. வண்டி எவ்வளவு விலையுயர்ந்தது என்பது அங்கே கேள்வியே அல்ல.

இனி, பாஸ் பிடிப்போரிடமிருந்து நாம் கற்கவேண்டியதைக் கற்காமல், கற்கக்கூடாததை மட்டும் கற்றுக்கொண்டோம் என்பதே எனது அடுத்த குற்றச்சாட்டு. அவர்களுள் தேர்ந்தவர்கள் ஒரே தடியை நம்பிப் படகில் ஏறுவதில்லை. ஏழெட்டுத் தடிகளோடு செல்வோரும் உண்டு. அது பணத்திமிர் மட்டுமன்று. அதற்குள் ஒரு கணக்கு இருக்கின்றது.

தடியின் இயல்பை இரண்டு சொற்களில் அடக்கலாம். ஒன்று வலு, அதாவது தடியை வளைக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பது. மற்றது வளைவு, அதாவது தடி எந்த இடத்தில் வளைகின்றது என்பது. நுனி மட்டும் வளைந்து உடனே நிமிரும் தடியை "வேகமானது" என்பர். நடுப்பகுதிவரை வளைவதை "மிதமானது" என்பர். அடியில் கனமான ஈயத்தோடு இறங்கும் ஜிக் வகை இரைக்கும், கொக்கியை மறைத்துக் கோத்த மென்பிளாஸ்ரிக் புழுவுக்கும், ஏழடி நீளத்தில், வலு கூடிய, வேகமான தடி வேண்டும். மீன் தொட்ட கணத்தில் கொக்கி பிளாஸ்ரிக்கைத் துளைத்துக்கொண்டு வாயில் ஏறவேண்டுமல்லவா? நீருக்குள் நடுங்கி நீந்தும் கிராங்பெயிற் இரைக்கு இதற்கு நேர்மாறு. அதில் தொங்குபவை சிறிய மும்முனைக் கொக்கிகள். வேகமான தடியால் வெட்டி இழுத்தால் அவை மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆகவே அதற்கு மிதமாக வளையும் தடி. பலர் இதற்கென்றே மலிவான கண்ணாடிநார்த் தடியை விரும்பி வைத்திருப்பர். நீர்ப்பாசிக்கு மேலே இழுக்கும் தவளை இரைக்கோ மிகவும் வலுவான தடியும் தடித்த பின்னல்நூலும் வேண்டும். மீனோடு பாசியையும் சேர்த்து இழுக்கவேண்டியிருக்கும். ஆழத்தில் ஈயத்துக்கு மேலே மெல்லிய நூலில் சிறு புழுவைத் தொங்கவிடும் முறைக்கு மென்மையான நுனியுள்ள ஸ்பின்னிங் தடி.

இங்கே விலை எங்கே வருகின்றது? மீன் மூச்சுவிட்டாற்போல் தொடுவதையும் விரலில் உணரவேண்டிய ஜிக், புழு முறைகளில், இலேசான உயர்தரக் காபன் தடிக்குக் கொடுக்கும் பணம் வீணன்று. கிராங்பெயிற் இரைக்கு அதே பணத்தைக் கொடுப்பது பெரும்பாலும் வீண். உயர்விலைத் தடியை நான் எதிர்க்கவில்லை. எதற்கென்று தெரியாமல் அதை வாங்குவதையே எதிர்க்கின்றேன்.

இந்தக் கணக்கு நமக்குப் புதியதா? இல்லவே இல்லை. கொட்டியாரக்குடாவில் கைத்தூண்டில் போடும் எந்தப் பெரியவரையும் கேட்டுப் பாருங்கள். விளைமீனுக்கு ஒரு தங்கூசி, கலவாய்க்கு அதைவிடத் தடித்த தங்கூசி, பல்லால் அறுக்கும் சீலாவுக்கும் அறுக்குளாவுக்கும் கொக்கிக்கு மேலே கம்பி, நீரோட்டத்துக்கு ஏற்ப ஈயம் என்று அவர் பிரித்தே வைத்திருப்பார். ஒரே கயிற்றால் எல்லா மீனையும் பிடிப்பேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த அறிவை வீட்டில் வைத்துக்கொண்டு, பெட்டியில் அச்சிட்ட விலையை நம்புகிறார்களே, அதுதான் வேதனை.

நகரில் ஒரு கடையில் நான் நின்றிருந்தபோது நிகழ்ந்த உரையாடல் இது. "அண்ணை, இது பெரிய பாறைக்குத் தாங்குமா?" என்று கேட்டான் ஓர் இளைஞன். "தம்பி, இது நாற்பது டன் காபன். இதைவிட நல்லது இல்லை" என்றார் விற்பவர். நாற்பது டன் என்றதும் நாற்பது டன் பாரத்தைத் தூக்கும் என்றே அப்பிள்ளை நினைத்திருப்பான். அந்த எண் காபன் நாரின் விறைப்பைக் குறிப்பது, தடியின் பலத்தையன்று. பொதுவாக, விறைப்புக் கூடக்கூடத் தடி இலேசாகும், கூர்மையாக உணர்த்தும். கூடவே நொய்மையும் வரும். படகின் விளிம்பில் ஒருதரம் மோதினாலோ, பறந்துவந்த ஈயம் ஒருதரம் தட்டினாலோ கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பின்னொரு நாள் மீன் இழுக்கும்போது அந்த இடத்தில் முறியும். "ஐ.எம். 6", "ஐ.எம். 8" என்று தடிகளில் பொறித்திருப்பதும் உலகம் ஒப்புக்கொண்ட தரவரிசையன்று. ஒரு நார் உற்பத்தியாளரின் பெயரீடாகத் தொடங்கி, கண்டவரெல்லாம் எடுத்தாளும் விற்பனைச் சொல்லாக அது மாறிவிட்டது.

விற்பவர் சொல்லவேண்டியது வேறு. பிடிக்குச் சற்று மேலே, தடியிலேயே இரண்டு அளவுகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று இரையின் எடை, மற்றது நூலின் பலம். பாஸ் தடியொன்றில் "3/8 – 1 அவுன்ஸ், 12 – 20 இறாத்தல்" என்றிருந்தால், ஏறத்தாழ 10 முதல் 28 கிராம் வரையான இரையை வீசவே அது செய்யப்பட்டது என்பது பொருள். அதில் 100 கிராம் பொப்பரைக் கட்டி முழுப்பலத்தோடு வீசினால், மீன் வருமுன்னே தடி போய்விடும். அந்த ஒரு வரியை வாசித்துக் காட்ட எத்தனை கடைக்காரர் முன்வருகின்றனர்?

அப்படியாயின் நமது நீருக்கு எது பொருந்தும்? மகாவலி கலக்கும் கொட்டியாரக்குடாவின் ஓரங்களிலும், தம்பலகாமம் குடாவின் கண்டல் ஓரங்களிலும் கொடுவாவைத் தேடுவோருக்கு மட்டும் அந்தப் பாஸ் தடி ஓரளவு உதவும். கொடுவாவும் பாஸைப்போல் மறைவிடத்தில் பதுங்கியிருந்து பாயும் மீன். ஆறரை முதல் ஏழடி, வலு கூடிய தடி, 10 முதல் 30 கிராம் இரை, 20 – 30 இறாத்தல் பின்னல்நூல் போதும். ஆனால் அதன் செவுள்மூடி கத்திபோல் அறுக்கும். நுனியில் 40 இறாத்தல் அளவில் தடித்த தங்கூசி கட்டவேண்டும். பாறைகளின்மேல் நின்று பெரிய பாறை மீனுக்குப் பொப்பர் வீசுவதற்கு எட்டடி அளவிலான, அதற்கென்றே செய்த கனத்த தடி வேண்டும். படகிலிருந்து ஆழத்துக்கு இரும்பு ஜிக்கை இறக்கி இழுப்பதற்கு, ஐந்தடி, ஆறடியில் கட்டையான தடி. நீண்ட தடி அங்கே முதுகைத்தான் முறிக்கும். கணவாய்க்கோ எட்டடியில் மெல்லிய, மென்னுனித் தடி. கணவாயின் மெல்லிய தசை வன்மையைத் தாங்காது.

இன்னும் இரண்டு விடயங்களை விலைச்சீட்டு சொல்லாது. ஒன்று உப்பு. நன்னீருக்கென்று செய்த தடியின் வளையங்களும் ரீல் பூட்டும் நமது கடற்காற்றில் வேகமாகத் துருவேறும். ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவாத ஒரு இலட்சம் ரூபாத் தடியைவிட, கழுவி வைத்த பத்தாயிரம் ரூபாத் தடி நீடித்து உழைக்கும். மற்றது மின்னல். காபன் மின்சாரத்தைக் கடத்தும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் மாலை இடிமழையில் தடியை உயர்த்திக்கொண்டு வெட்டவெளியில் நிற்பது உயிரோடு விளையாடுவது. மின்கம்பிகளின் கீழே வீசுவதும் அவ்வாறே. இதைச் சொல்லி விற்ற கடையொன்றை நான் கண்டதில்லை.

"இதெல்லாம் பணக்காரரின் பொழுதுபோக்கு. கடற்றொழிலாளி மண்ணெண்ணெய்க்கு அல்லாடும்போது இதற்கொரு கட்டுரையா?" என்று சிலர் கேட்பர். 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியபோது கரையில் ஏற்றப்பட்ட வள்ளங்களை நானும் பார்த்தவன்தான். அதனாலேயே எழுதுகின்றேன். தவறான தடிக்குக் கடன்படுபவன் பணக்காரனின் பிள்ளையல்லன். அந்தப் பிள்ளைக்கு ஒரு தடி முறிந்தால் இன்னொன்று வரும். சம்பளத்தில் மாதம் மாதம் கட்டி வாங்கியவனுக்கும், காப்பை அடகுவைத்து வாங்கியவனுக்கும் அது முறிந்தால் முறிந்ததுதான்.

இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. வெடிவைத்து மீன்பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் தடைசெய்துள்ளது. ஆயினும் டைனமைட் இந்த மாவட்டத்துக் கடலுக்குப் புதியதன்று. வெடி குஞ்சையும் தாயையும் பவளப்பாறையையும் பிரித்தறியாது. தூண்டில் பிரித்தறியும். கொடுவா ஆணாக வாழ்வைத் தொடங்கிப் பின்னர் பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். பொருத்தமான தடியும் நூலும் வைத்திருப்பவன் அதை விரைவாகக் கரைசேர்த்து உயிரோடு விடமுடியும். பொருந்தாத மெல்லிய தடியால் அரைமணி நேரம் இழுபட்டுக் களைத்த மீன், விட்டாலும் பிழைப்பது அரிது. தடியைத் தேர்வது மீனின் உயிரோடும் தொடர்புடைய காரியம்.

ஆகவே கேட்கின்றேன். கடைக்காரர்களே, டன் கணக்கை விட்டுவிட்டு, தடியில் எழுதியிருக்கும் இரை எடையை வாங்குபவருக்கு வாசித்துக் காட்டுங்கள். புலம்பெயர்ந்த உறவுகளே, தடி வாங்குமுன் "எங்கே நின்று, எதைப் பிடிக்கப் போகிறாய்?" என்று தொலைபேசியில் ஒரு கேள்வி கேளுங்கள், பாதி விலையில் பொருத்தமானது கிடைக்கும். தம்பிமாரே, முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள். பிறகு மீன், பிறகு இரை, பிறகு நூல், அதன்பிறகு தடி. விலையைக் கடைசியாகப் பாருங்கள். சந்தேகம் வந்தால் பெட்டியைப் புரட்டாதீர்கள். கரையில் தங்கூசி சுற்றிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் போய்க் கேளுங்கள். அவர் காசு கேட்கமாட்டார்.